முதல் வரியில் இருந்து ஆரம்பிக்காதீர்கள்

பக்கத்து அறையில் யாராவது வாத்தியம் பழகுவதைக் கொஞ்ச நேரம் காதுகொடுத்துக் கேட்டுப் பாருங்கள். நன்றாகத்தான் ஆரம்பிப்பார்கள். ஐந்தாறு வரி போனதும் ஓர் இடத்தில் இடறும். உடனே நிறுத்திவிட்டு முதல் வரிக்குப் போவார்கள், மறுபடியும் அதே இடத்துக்கு வருவார்கள், மறுபடியும் இடறும். அரை மணி நேரம் கழித்துக் கணக்குப் பார்த்தால் முதல் வரியை இருபது தடவை வாசித்திருப்பார்கள், அதுவோ முதல் தடவையே சுத்தமாக வந்த வரி. இடறுகிற இடத்தையும் இருபது தடவை வாசித்திருப்பார்கள், இருபது தடவையும் தப்பாக.

நானும் வயலினைப் பல வருஷம் இப்படித்தான் பழகினேன். தினமும் ஒரு மணி நேரம், சில நாள் இரண்டு மணி நேரம்கூட. வில்லைக் கீழே வைக்கும்போது உடம்பு களைத்திருக்கும், நிறைய உழைத்துவிட்ட திருப்தியும் இருக்கும், ஆனால் ஆறு மாதத்துக்கு முன்னால் எங்கே இடறியதோ அங்கேயேதான் இடறிக்கொண்டிருந்தேன். நேரம் போதவில்லை போலிருக்கிறது என்று இன்னும் அரை மணி கூட்டினேன். அதனாலும் ஒன்றும் மாறவில்லை. வாசிப்பது வேறு, பழகுவது வேறு என்பது புரிய எனக்கு வெகுகாலம் ஆனது. இந்த இரண்டையும் பிரித்துக்கொள்ளுங்கள், எந்த வாத்தியமாக இருந்தாலும் சரி, மற்றதெல்லாம் அதிலிருந்து வரும்.

கைக்கு எது சரி எது தப்பு என்று தெரியாது. எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறோமோ அதைப் பிடித்துக்கொள்ளும். தப்பும் கைப்பழக்கம்தான். ஓர் இடத்தைப் பத்து தடவை தப்பாக வாசித்துவிட்டுப் பதினோராவது தடவை சரியாக வந்ததும் 'அப்பாடா, வந்துவிட்டது' என்று அடுத்த வரிக்குப் போகிறோமே, அங்கே கை கற்றுக்கொண்டது எதை? பத்து தடவை செய்ததைத்தான். அந்தப் பதினோராவது தடவையில்தான் பழக்கமே ஆரம்பிக்கிறது, நாம் அதை முடிவு என்று எடுத்துக்கொள்கிறோம்.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் டியூக்கும் அவரோடு இருந்தவர்களும் செய்த ஆய்வு, 2009இல் வெளிவந்தது. 17 பியானோ மாணவர்களிடம் ரஷ்ய இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச், பியானோவுக்கும் வாத்தியக் குழுவுக்கும் சேர்த்து எழுதிய கான்செர்ட்டோ ஒன்றிலிருந்து சின்னஞ்சிறு பகுதி ஒன்றைக் கொடுத்து, வேண்டிய நேரம் எடுத்துக்கொண்டு பழகுங்கள், நாளைக்கு வந்து வாசியுங்கள் என்றார்கள். மறுநாள் வாசித்ததை வைத்துத் தரம் பிரித்தபோது, யார் அதிக நேரம் பழகினார்கள் என்பதற்கும் தரத்துக்கும் சம்பந்தம் இல்லை. எத்தனை தடவை வாசித்தார்கள் என்பதற்கும் இல்லை. முந்தைய நாள் வாசித்ததில் எத்தனை பங்கு சரியாக இருந்தது என்பதோடுதான் தரம் ஒத்துப்போனது. முதலில் வந்தவர்களும் தப்பு செய்தார்கள், மற்றவர்களைப் போலவே. ஆனால் தப்பு வந்த இடத்தை உடனே கண்டுபிடித்து, அங்கேயே நின்று, வேகத்தைக் குறைத்து, அது நிலைக்கிற வரைக்கும் அதை மட்டும் திரும்பச் செய்தார்கள்.

சரி, இதை நம் அறையில் எப்படிச் செய்வது?

வாத்தியத்தை எடுக்கும் முன்னால்

ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு என்ன சரிசெய்யப் போகிறோம் என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள், அதுவும் இடத்தைக் குறித்து எழுதுங்கள். 'இந்தப் பாட்டை நன்றாக வாசிக்க வேண்டும்' என்று எழுதினால் அது ஆசை, அதை வைத்துக்கொண்டு கை என்ன செய்யும்? 'மூன்றாவது வரியின் கடைசி நான்கு ஸ்வரம், நிமிஷத்துக்கு 60 தட்டு வேகத்தில், விரல் தேடாமல்' என்று எழுதினால் வேலை தொடங்கிவிடும். எழுத ஒரு நிமிஷம்தான் ஆகும். ஆனால் எழுதாத நாளில் கை தனக்குப் பிடித்த, ஏற்கெனவே நன்றாக வருகிற பாட்டுக்குத்தான் போகும். எனக்கு இன்றைக்கும் அப்படித்தான்.

அப்புறம் சுருதி சேர்ப்பது. அவசரப்பட வேண்டாம். சுருதி சேராத வாத்தியத்தில் அரை மணி பழகினால் காது அந்தக் கோணலுக்கு ஒத்துப்போய்விடும், அதைத் திருத்துவது விரலைத் திருத்துவதைவிடக் கஷ்டம். சேர்த்த பிறகு சில நிமிஷம் நீளமான, சாதாரண ஸ்வரங்கள். கை சூடாவதற்கு மட்டும் இல்லை, காது விழிப்பதற்கும்தான். ஒரே ஸ்வரத்தை வில் முழுக்க இழுத்தோ மூச்சு முழுக்க ஊதியோ அது ஆரம்பிப்பதில் இருந்து அடங்குவது வரை கேளுங்கள், பிசிறு எங்கே வருகிறது, சத்தம் எங்கே தளர்கிறது என்று.

இடறும் இடத்தைப் பிரிப்பது

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய விஷயம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

என்னைப் பல மாதம் படுத்திய ஓர் இடம் இருந்தது. நான்கே ஸ்வரம், ஏறிப் போகும். முதல் இரண்டும் கை இருந்த இடத்திலேயே வரும், மூன்றாவதுக்கு இடது கை முழுதும் வயலினின் கழுத்தில் மேல்நோக்கி நகர வேண்டும். நகர்ந்து போய் விழுகிற அந்த மூன்றாவது ஸ்வரம் எப்போதும் ஒரு மயிரிழை குறைவாகவே விழும். விரலை இன்னும் அழுத்திப் பார்த்தேன். விரல் விழ வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துப் பார்த்தேன். வேகமாகத் தாவிப் பார்த்தேன். எதற்கும் மசியவில்லை.

ஒருநாள் கண்ணாடி முன்னால் நின்று, அந்த நான்கு ஸ்வரத்தை மட்டும், ஒன்றுக்கு மூன்று விநாடி என்கிற அளவுக்கு மெதுவாக வாசித்தேன். அப்போதுதான் தெரிந்தது, தப்பு விரலில் இல்லவே இல்லை. கட்டைவிரல் கழுத்தைப் பின்பக்கமாக இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. ஆள்காட்டி விரல் மேலே கிளம்புகிறது, கட்டைவிரல் கிளம்ப மறுக்கிறது, கடைசி நேரத்தில் இழுபட்டு வருகிறது, அந்த இழுவையில்தான் விரல் ஒரு மயிரிழை முன்னாலேயே நின்றுவிடுகிறது. இறுக்கம் ஆரம்பித்ததும் மூன்றாவது ஸ்வரத்தில் இல்லை, அதற்கு முந்தைய ஸ்வரத்தில். இரண்டாவது ஸ்வரம் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே கட்டைவிரலைத் தளர்த்திப் பழகினேன். மூன்று நாளில் சரியாகிவிட்டது. பல மாதம் படுத்திய இடம், மூன்று நாள்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது: தப்பு காதில் விழுகிற இடமும் தப்பு பிறக்கிற இடமும் அநேகமாக ஒன்றாக இருக்காது. ஒரு ஸ்வரம் முன்னால் போய்ப் பாருங்கள். கிட்டாரில் அடுத்த கார்டு (பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிக்க வைப்பது) தாமதமாக விழுந்தால், முந்தைய கார்டில் எந்த விரல் கடைசியாகத் தந்தியை விடுகிறது என்று பாருங்கள். கீபோர்டில் ஓட்டம் நடுவில் குலுங்கினால் கட்டைவிரல் மற்ற விரல்களுக்குக் கீழே எப்போது போகிறது என்று பாருங்கள், அநேகமாகத் தாமதமாகத்தான் போகும். குழலில் மேல் ஸ்தாயி உடைந்தால் மூச்சு எங்கே எடுத்தீர்கள் என்று பாருங்கள். தாள வாத்தியத்தில் ஒரு சொல் மங்கினால் அதற்கு முந்தைய அடிக்குப் பிறகு கை எவ்வளவு உயரம் எழும்பியது என்று பாருங்கள்.

இடத்தைக் கண்டுபிடித்த பிறகு இரண்டு ஸ்வரம் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், தப்பு வருகிற ஸ்வரமும் அதற்கு முந்தையதும். அவை சேர்ந்து சுத்தமாக வந்ததும் முன்னால் ஒன்று சேர்த்து மூன்று. பிறகு பின்னால் ஒன்று சேர்த்து நான்கு. இப்படி இரண்டு பக்கமும் வளர்த்துக்கொண்டு போய் வரியோடு ஒட்டுங்கள். பலரும் இந்த ஒட்டுகிற வேலையை விட்டுவிடுகிறார்கள். துண்டாக வாசித்தால் அழகாக வரும், வரியோடு வாசித்தால் மறுபடியும் இடறும், ஏன் என்று திகைப்பார்கள். துண்டுக்குள் நுழைகிற வாசல் பழகவில்லை, அவ்வளவுதான். முந்தைய வரியின் கடைசி இரண்டு ஸ்வரத்தில் இருந்து ஆரம்பித்து உள்ளே நுழைந்து பழகுங்கள்.

நேராக வாசித்து அலுத்துப்போனால் தாளத்தை மாற்றிப் பாருங்கள். சமமான ஸ்வரங்களை நெடில் குறில், நெடில் குறில் என்று வாசியுங்கள், அப்புறம் குறில் நெடில் என்று திருப்பி வாசியுங்கள். நெடிலில் கை அடுத்ததுக்குத் தயாராகும், குறிலில் வேகமாகத் தாண்டும். பிறகு பழையபடி சமமாக வாசிக்கும்போது அது எவ்வளவு லேசாக வருகிறது என்று பார்த்தால் உங்களுக்கே சந்தோஷமாக இருக்கும்.

எவ்வளவு மெதுவாக?

அடுத்த ஸ்வரத்தை வாசிப்பதற்கு முன்னாலேயே அதை மனசுக்குள் கேட்க முடிகிற அளவுக்கு மெதுவாக. அந்த வேகம் அநேகமாக நீங்கள் நினைப்பதில் பாதிதான் இருக்கும். மெதுவாக வாசிப்பதை ஆரம்பநிலை மாணவர்கள் வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. நன்றாக வாசிக்கிறவர்கள் தனியாக இருக்கும்போது எவ்வளவு மெதுவாகப் பழகுகிறார்கள் என்று ஒருமுறை கேட்டால் அந்த எண்ணம் போய்விடும்.

சீராகத் தட்டி வேகத்தைக் காட்டும் மெட்ரோனோம் இருந்தால் நல்லது, போனில் இலவசமாகவே கிடைக்கிறது. 1815இல் மெல்ட்ஸல் என்பவர் காப்புரிமை வாங்கிய கருவி, இன்றைக்கும் அதில் எண்ணுக்கு அதே அர்த்தம்தான்: 60 என்றால் நிமிஷத்துக்கு 60 தட்டு, விநாடிக்கு ஒன்று. சுத்தமாக வருகிற வேகத்தில் ஆரம்பித்து, தொடர்ந்து மூன்று தடவை தப்பில்லாமல் வந்தால் நான்கு எண் கூட்டுங்கள். இடறினால் எட்டு எண் குறையுங்கள். 'ஒருவேளை அடுத்த தடவை வந்துவிடும்' என்று அதே வேகத்தில் முட்டிக்கொண்டு நிற்காதீர்கள், அங்கேதான் தப்பு உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறது.

கர்நாடக சங்கீதம் பழகுகிறவர்களுக்கு ஒன்று. முதல் காலத்தில் ஒரு தட்டுக்கு ஒரு ஸ்வரம், இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. ஒவ்வொரு காலத்துக்கும் வேகம் அப்படியே இரட்டிப்பாகிறது, நடுவில் படியே கிடையாது. முதல் காலம் அருமையாக வந்து இரண்டாம் காலத்தில் சிதறினால் உங்களுக்குத் திறமை இல்லை என்று அர்த்தம் இல்லை. தட்டையே கீழே இறக்கி, இரண்டாம் காலத்தையே மெதுவான தட்டில் ஆரம்பித்து, நான்கு நான்காக ஏற்றுங்கள். விட்டுப்போன படிகளை நீங்களே கட்டிக்கொள்கிறீர்கள்.

மெதுவாகப் பழகுவதிலும் ஓர் ஆபத்து உண்டு. வேகத்தில் கை அசைகிற விதமே வேறு, அசைவு சின்னதாகும், விரல் தூக்குவது குறையும். மெதுவாக வாசிக்கும்போது விரலை உயர உயரத் தூக்கிப் பழகினால் அந்தப் பழக்கம் பிறகு வேகத்துக்குக் குறுக்கே வந்து நிற்கும். அதனால் மெதுவாக வாசிக்கும்போதே வேகத்தில் என்ன அசைவு வேண்டுமோ அதைத்தான் செய்ய வேண்டும். நடுநடுவே மூன்று நான்கு ஸ்வரத்தை மட்டும் முழு வேகத்தில் ஒரு வீச்சாக வாசித்து நிறுத்திப் பாருங்கள்.

ஒரே இடத்தில் உட்கார்ந்துவிடாதீர்கள்

இன்றைக்கு மூன்று இடம் பார்க்க வேண்டும், ஒரு மணி நேரம் இருக்கிறது என்றால் நாம் என்ன செய்வோம்? ஒவ்வொன்றுக்கும் இருபது இருபது நிமிஷம். அதைவிட, ஐந்து நிமிஷம் முதலாவது, ஐந்து நிமிஷம் இரண்டாவது, ஐந்து நிமிஷம் மூன்றாவது, மறுபடி முதலாவது என்று சுற்றி வருவது கையில் நன்றாகத் தங்குகிறது. கைப்பழக்கம் எப்படி வருகிறது என்று ஆராய்கிறவர்கள் 1979இலேயே இதைக் காட்டிவிட்டார்கள். ஷே, மார்கன் என்ற இருவர் செய்த சோதனையில், கையால் சிறு தடைகளைக் குறிப்பிட்ட வரிசையில் வேகமாகத் தட்டிவிட வேண்டும், மொத்தம் மூன்று வரிசைகள். ஒன்றை முடித்துவிட்டு அடுத்தது என்று பழகியவர்கள் பழகும்போது வேகமாகச் செய்தார்கள். கலந்து பழகியவர்கள் திணறினார்கள். ஆனால் பத்து நாள் கழித்துச் சோதித்தபோது கலந்து பழகியவர்கள்தான் நன்றாகச் செய்தார்கள்.

ஒவ்வொரு தடவையும் விட்டுவிட்டுத் திரும்ப வரும்போது கை அந்த இடத்தைப் புதிதாக நினைவுக்குக் கொண்டுவர வேண்டியிருக்கிறது, அந்தச் சிரமம்தான் பழக்கத்தை ஆழமாக்குகிறது. இதில் மனசு ஒத்துக்கொள்ளாத விஷயம் என்னவென்றால், அன்றைய தினம் முன்னேறினது போலவே இருக்காது. இருபது நிமிஷம் ஒரே இடத்தைத் தேய்த்தால் கடைசியில் அருமையாக வரும், மனசு நிறைந்துபோகும், மறுநாள் காலையில் எடுத்தால் பாதி காணாமல் போயிருக்கும். அதனால் நான் நம்புகிற ஒரே அளவுகோல் மறுநாளின் முதல் தடவைதான். நேற்று சரிசெய்த இடத்தை இன்றைக்கு வாத்தியத்தை எடுத்ததும், முன்னோட்டம் எதுவும் இல்லாமல், ஒரே ஒரு தடவை வாசியுங்கள். வந்ததா இல்லையா என்று நோட்டில் எழுதுங்கள். வந்தால் அதற்கு இன்று இரண்டு நிமிஷம் போதும். வரவில்லை என்றால் இன்றைய முதல் வேலை அதுதான்.

நேரமும் உடம்பும்

ஒரே மூச்சில் இரண்டு மணி நேரத்தைவிட 25 நிமிஷமாகப் பிரித்து, நடுவில் எழுந்து நடப்பது மேல். கவனம் போன பிறகு கை மட்டும் ஓடிக்கொண்டிருந்தால் அந்த நேரத்தில் தப்புகள்தான் பழகும். பத்தாயிரம் மணி நேரம் என்று எல்லோரும் சொல்கிற எண் இருக்கிறதே, அதன் வேர் 1993இல் ஆன்டர்ஸ் எரிக்சனும் அவர் குழுவும் பெர்லினில் வயலின் மாணவர்களை வைத்து வெளியிட்ட ஆய்வு. அது அங்கே மிக நன்றாக வாசித்த மாணவர்களின் சராசரிக் கணக்கு, அதைத் தொட்டால் வித்வான் ஆகிவிடலாம் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. நல்ல மாணவர்கள் தனியாகப் பழகியது நிறைய, ஒரு நாளைக்குச் சராசரியாக மூன்றரை மணி நேரம், உண்மைதான். ஆனால் அவர்கள் மற்றவர்களைவிட நிறையத் தூங்கினார்கள், பகலில் குட்டித் தூக்கமும் போட்டார்கள். இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. தூக்கத்தைக் குறைத்துப் பழகாதீர்கள்.

வலித்தால் நிறுத்துங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. களைப்பு வேறு, வலி வேறு. மணிக்கட்டில் சுருக்கென்று குத்தினாலோ, விரல் மரத்துப்போனாலோ, வாத்தியத்தை வைத்துவிட்டு ஓய்வு கொடுங்கள். திரும்பத் திரும்ப வந்தால் டாக்டரிடம் போங்கள். லியான் ஃபிளைஷர் என்ற பெரிய பியானோ கலைஞருக்கு 1964இல் வலது கையின் இரண்டு விரல்கள் தாமாக மடங்கிக்கொள்ள ஆரம்பித்தன. டிஸ்டோனியா என்கிற நரம்புக் கோளாறு. சுமார் முப்பது வருஷம் அவர் இடது கைக்கென்று எழுதப்பட்டவற்றை வாசித்தும் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தும் இசையோடு இருந்தார். எல்லா வலியும் அப்படி முடியாது, பயமுறுத்தச் சொல்லவில்லை. உடம்பு ஏதோ சொல்கிறது என்றால் அன்றைக்கே கேட்டுவிடுவது நல்லது என்பதற்காகச் சொல்கிறேன். தோள் காது வரைக்கும் ஏறியிருக்கிறதா, பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறோமா, மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறோமா என்று பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

கேட்பது

வாசிக்கும்போது கவனம் பெரும்பாலும் கையில் இருக்கும், காது தான் கேட்க விரும்பியதைத்தான் கேட்கும். போனில் பதிவு செய்து கேளுங்கள். உடனே வேண்டாம், சில மணி நேரம் கழித்து, முடிந்தால் மறுநாள். ஒரு தடவை சுருதிக்காக மட்டும் கேளுங்கள், இன்னொரு தடவை காலால் தட்டிக்கொண்டு தாளத்துக்காக மட்டும். வேகம் எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். சுலபமான இடத்தில்தான் ஓடும், பலருக்கும் இது ஆச்சரியமாக இருக்கும்.

இன்னொன்று, பாடிப் பாருங்கள். குரல் எப்படி இருந்தாலும் பரவாயில்லை. வாயால் சரியாகச் சொல்ல முடியாத வரியை விரல் சரியாகச் சொல்லாது. வாத்தியம் கையில் இல்லாத நேரத்தில், எங்காவது காத்திருக்கும்போது, தொடையில் தாளம் தட்டிக்கொண்டு வரியை மனசுக்குள் ஓட்டிப் பாருங்கள். எங்கே மறக்கிறது என்று உடனே தெரிந்துவிடும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நிறுத்தாமல் வாசிக்கும் நாள்

இவ்வளவு சொன்ன பிறகு இதையும் சொல்ல வேண்டும். நிறுத்தி நிறுத்திச் சரிசெய்தே பழகினால், தப்பு வந்தால் நிற்பது என்பதே ஒரு பழக்கமாகிவிடும். நாலு பேர் முன்னால் வாசிக்கும்போது நிற்க முடியாது. அதனால் வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ முழுப் பாட்டையும் முதலில் இருந்து கடைசி வரை வாசியுங்கள், என்ன நடந்தாலும் நிற்காமல். ஸ்வரம் தப்பினாலும் தாளத்தை விடாமல் அடுத்த தட்டில் ஏறிக்கொள்ளுங்கள். வீட்டில் யாரையாவது எதிரே உட்கார வைத்தால் இன்னும் நல்லது, ஒரே ஆள் போதும், கை நடுங்குவதும் வேகம் கூடுவதும் அப்போதுதான் வெளியே வரும். இடறிய இடங்களை வாசித்து முடித்த பிறகு குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த சில நாளுக்கான வேலை அதுதான்.

பத்தே நிமிஷம்தான் இருக்கிறது என்கிற நாள்கள் நிறைய வரும். அன்றைக்குச் சுருதி சேர்த்து, நோட்டைத் திறந்து, ஒரே ஒரு இடத்தை எடுங்கள். முழுப் பாட்டையும் வாசித்துப் பார்க்கும் ஆசையைத் தள்ளிவையுங்கள். இரண்டு ஸ்வரம், மூன்று, நான்கு, வரியோடு ஒட்டு. முடிக்கும்போது அந்த இடத்தை ஒரு தடவை மெதுவாக, சுத்தமாக வாசித்துவிட்டு அதோடு நிறுத்துங்கள். வாத்தியத்தை உறையில் போடும் முன்னால் நாளைக்கு முதலில் எடுக்க வேண்டிய இடத்தை நோட்டில் எழுதி, அந்தப் பக்கத்தைத் திறந்தபடியே உறையின் மேல் வைத்துவிடுங்கள்.